ஒத்தச்சிப்பி சூசையின் கயிறு

1

இன்று சூசை மச்சானின் ஆண்டு நினைவு. காலையில் கோபே நகரத்துக் கோயிலில் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன். எட்டுப் பேர் வந்திருந்தார்கள். சாமியார் அவர் பெயரை "சூசாய்" என்று இழுத்து வாசித்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தூத்துக்குடியில் அந்தப் பெயரை வாசித்திருந்தால் பின் பெஞ்சிலிருந்து ஒருவராவது, "யாரு, ஒத்தச்சிப்பி சூசையா?" என்று கேட்டிருப்பார்.

முத்துக்குளிப்பில் கடைசியாக ஒரு சிப்பிக்கு ஆசைப்பட்டு, கயிற்றை விட்டுவிட்டுச் செத்தவர் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. அவர் என் அக்கா பிலோமியின் புருஷன். அன்று அவருடைய கயிற்றைப் பிடித்திருந்தவன் நான். அந்தப் பெயர் பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பதினேழு வருடம் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுதத் தொடங்கிப் பலமுறை நிறுத்தியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே எனக்கு வேர்க்கும். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாததால், எங்கே மாட்டிக்கொண்டேனோ அங்கிருந்து தொடங்குகிறேன்.

2

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதாக ஊரில் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. நான் அங்கே கரும்பலகை துடைக்கிறேன், வரைபடங்களைச் சுருட்டி வைக்கிறேன், ஸ்லைடு காட்டும் கருவியை இயக்குகிறேன். கப்பலில் வேலைக்கு வந்தவன், வயிற்று நோயில் கோபே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கப்பல் போய்விட்டது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். ஒரு மகள், மாரி. அவளுக்குத் தமிழில் தெரிந்தது நாலைந்து சொற்கள். அதையும் வெளியில் சொல்ல மாட்டாள்.

நான் இருக்கும் துறையில் ஜப்பானியர்களின் பழக்கவழக்கங்களையும் நம்பிக்கைகளையும் ஆராய்ந்து பாடம் சொல்கிறார்கள். அங்கே வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் ஹமதா என்ற இளம் விரிவுரையாளர் இருக்கிறார். முப்பது வயதுகூட ஆகாத பெண். ஆசிரியர்களை இங்கே செந்செய் என்று அழைப்பார்கள். நானும் அப்படித்தான் அழைக்கிறேன். அவர் என்னைச் சேவியர்-சான் என்பார்; பெயரோடு சான் சேர்ப்பது இங்கே மரியாதை. மாணவர்களைப் பார்த்துப் பேசக் கூச்சப்பட்டுக் கரும்பலகையைப் பார்த்தே பேசுவார். பின்வரிசையில் பையன்கள் தூங்குவார்கள். எனக்கு அந்த வகுப்பு பிடிக்கும். அவர் பேசுவது கடலைப் பற்றி.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஓர் இலையுதிர்கால முற்பகல். வெளியே மேகம் மூடியிருந்தது. இந்த நாட்டின் முத்துக் கரையில் பெண்கள்தான் மூழ்கி எடுப்பார்கள். அவர்களில் ஒருத்தியின் படம் திரையில் இருந்தது. வெள்ளைத் தலைத்துணி, அதன் முனை கழுத்துப் பக்கம் தொங்கியது. செந்செய் சொன்னார்:

"மேகம் மூடிய நாட்களில் தனியாக மூழ்கும் பெண் சில சமயம் கீழே இன்னொருத்தியைப் பார்ப்பாள். தன் முகம், தன் உடை. தலைத்துணியின் முனை மட்டும் கொஞ்சம் நீளம். அவள் சிரித்துக்கொண்டே ஒரு சிப்பியை நீட்டுவாள். வாங்கினால் இருட்டான பக்கத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவாள். இவளைத் தொமொகசுகி என்கிறார்கள். கூடவே மூழ்குகிறவள் என்று பொருள்."

அடுத்த படத்துக்கு நான் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தவில்லை. செந்செய் இருமுறை கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை. கருவியின் காற்றாடி ஓடாததையும் கவனிக்கவில்லை. சூட்டில் ஸ்லைடு உருகியது. திரையில் அந்தப் பெண்ணின் முகம் கன்னத்திலிருந்து கொப்புளித்துப் பழுப்பாகிக் கரைந்தது. தூங்கிய பையன்களும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

எனக்கு ஜப்பானிய மொழி அந்த நேரத்தில் மறந்துவிட்டது. "மச்சான்" என்று தமிழில் சொன்னேனாம். வகுப்பு முடிந்ததும் செந்செய் கோபிக்காமல் கேட்டார்: "அந்தச் சொல் என்ன?"

"மன்னியுங்கள் என்று அர்த்தம்" என்றேன்.

3

கயிறு பிடிப்பது என்றால் என்ன என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதைப் பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

மூழ்குகிறவர் ஒரு கல்லில் காலை வைத்து எட்டு ஒன்பது பாகம் ஆழத்துக்கு, அதாவது நான்கு பனை உயரமில்லாவிட்டாலும் ஒரு பெரிய தென்னை உயரத்துக்கு, இறங்குவார். கல்லை மேலே இழுத்துவிடுவோம். சிப்பிப் பை கட்டிய இன்னொரு கயிறு அவரோடு கீழே இருக்கும். பை நிறைந்ததும், அல்லது மூச்சு முடியப்போகும்போது, அந்தக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே இருப்பவன் அந்தக் கணமே இழுக்க வேண்டும். அவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேலே வருவார். அதற்குக் கயிறு எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும். தளர்ந்துவிட்டால் கீழே எவ்வளவு சுண்டினாலும் மேலே கைக்குத் தெரியாது. அந்தச் சுண்டலைத் தளர்ந்த கயிறு விழுங்கிவிடும்.

அதனால்தான் கயிற்றை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். மூழ்குகிறவரின் பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். தன் அக்கா தங்கச்சி தாலி அறுக்கும்படி எவனும் கயிற்றை விட மாட்டான் என்ற நம்பிக்கை.

சங்கு எடுப்பதிலும் முத்துக்குளிப்பிலுமாக ஏழு வருடம் சூசை மச்சானின் கயிற்றைப் பிடித்தேன். அவர் இறங்கியதும் மனசுக்குள் எண்ணத் தொடங்குவேன். எண்பதுக்குள் சுண்டிவிடுவார். அந்த எண்ணிக்கை என்னை இன்னும் விடவில்லை. இங்கே வீட்டில் மாரி குளியல் தொட்டியில் இறங்கினால் கதவுக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"அப்பா, எதற்கு இங்கே நிற்கிறீர்கள்?"

"சும்மா."

"பயமாக இருக்கிறது, தெரியுமா?" என்றாள். அதன்பின் நான் வேலைக்குப் போன பிறகுதான் குளிக்கிறாள்.

4

அன்றைக்கு நடந்தது இது.

பங்குனி மாதம். வழக்கத்துக்கு மாறாக மேகம் இறங்கியிருந்தது. காற்றில்லை. கடல் ஈயம் உருக்கி ஊற்றியதுபோல் கிடந்தது. அன்றைய கடைசி இறக்கம். மச்சான் இறங்கினார். நான் எண்ணினேன். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. அப்போது வள்ளத்தின் மறுபக்கம் தண்ணீர் லேசாக விலகும் சத்தம் கேட்டது. திரும்பினேன். சூசை மச்சான் மேலே வந்து விளிம்பில் ஒரு கையை வைத்திருந்தார். ஈரத் தலை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மச்சான், அங்கன போயி ஏறுதீரு?" என்று கேட்டேன். நான் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவேன். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது.

ஆள்தான் மேலே வந்துவிட்டாரே என்று கயிற்றை இரண்டு மூன்று சுற்று தளரவிட்டேன். பையைப் பிறகு இழுத்துக்கொள்ளலாம். குனிந்து அவருக்குத் துண்டை எடுத்தேன். நிமிர்ந்தபோது விளிம்பில் கை இல்லை. முன்பக்கமாக நீந்திப் போயிருப்பார் என்று அங்கே போய்ப் பார்த்தேன். இல்லை. கை வைத்திருந்த இடத்துக்கு வந்து தொட்டேன். மரம் காய்ந்திருந்தது.

ஓடிவந்து கயிற்றை இழுத்தேன். பை வந்தது. நிறைய சிப்பி. வாய் ஒழுங்காகச் சுருக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஆள் வரவில்லை.

மற்றவர்கள் இறங்கி அவரை எடுத்துவந்தார்கள். மூடிய வலது கைக்குள் ஒரே ஒரு சிப்பி இருந்தது. விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

விசாரிக்க வந்த அதிகாரி கேட்டார்: "கயிற்றைச் சுண்டினாரா?"

"சுண்டல் வரவில்லை" என்றேன்.

அது உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. பை கட்டி முடித்த பிறகு இன்னொரு சிப்பிக்காகக் கயிற்றை விட்டிருக்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள். கையில் சிப்பி இருந்ததே, வேறென்ன சாட்சி வேண்டும்? எட்டாம் நாள் சடங்கு முடிவதற்குள் ஊர் பெயர் வைத்துவிட்டது. பிறகு அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "ஒத்தச்சிப்பி வீடா?" என்றுதான் வழி கேட்டார்களாம். அதற்குள் நான் கப்பல் ஏறியிருந்தேன்.

5

நான் முத்துக் கரையைச் சேர்ந்தவன் என்பது எப்படியோ செந்செய்க்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் நான் வேலை செய்யும் அறைக்குத் தேநீரோடு வந்தார். அவருடைய கவலையை அன்றுதான் அறிந்தேன். வசந்த காலத்துக்குள் ஒரு கட்டுரை ஏற்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு வரவேண்டிய நிரந்தர இடம் இன்னொருவருக்குப் போகும்.

அவருடைய கண்டுபிடிப்பு எளிமையானது. இந்தக் கரையில் இரண்டு வகைப் பெண்கள். ஒரு வகையினர் புருஷனோடு படகில் போவார்கள். புருஷன் கயிறு பிடிப்பான். இன்னொரு வகையினர் மிதவைத் தொட்டியோடு தனியாக நீந்திப் போவார்கள். தன்னைப் போன்ற ஒருத்தியைக் கீழே பார்த்ததாகச் சொன்னவர்கள் எல்லாருமே தனியாகப் போனவர்கள்.

"கயிறு உள்ளவர்களுக்கு அது தெரிவதில்லை, சேவியர்-சான். அது பேய் அல்ல, தனிமை. இன்னொரு நாட்டுக் கரையிலும் இதைக் காட்டிவிட்டால் பேராசிரியர்கள் மறுக்க முடியாது. உங்கள் ஊரில் கயிற்றை யார் பிடிப்பார்கள்?"

மைத்துனன் பிடிப்பான் என்றேன். அவர் முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஆனது. குறிப்பேட்டில் அதை எழுதி இரண்டு கோடு போட்டார். கயிற்றின் மேல்முனையில் இருந்தவனுக்கே அது தெரிந்தது என்று நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். தேநீர் நன்றாக இருக்கிறது என்றேன்.

மாசி மாதத்தில் தூத்துக்குடிக்குப் போவது, நான் மொழிபெயர்ப்பாளன் என்று முடிவானது. நான் வெளியே போனால் திரும்பி நுழைய முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் போனால் இத்தனை வருட வாழ்க்கையும் அந்த வாசலோடு முடிந்தது. அலுவலகத்தில் என் கோப்பை எடுத்துப் பார்த்தவர், விரல் ரேகை சரியில்லை, மறுபடி வைக்கவேண்டும் என்றார். இங்கே வெளிநாட்டவர் எல்லாரும் இடது ஆட்காட்டி விரலை மையில் உருட்டிக் கொடுக்க வேண்டும். மூன்று முறை உருட்டியும் நடுவில் வெள்ளையாகவே விழுந்தது.

"என்ன வேலை பார்த்தீர்கள்?" என்றார்.

"கயிறு இழுத்தேன்."

என் மகளும் என் நாட்டுக்காரி என்றுதான் இந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. பதினாலு வயதானதும் அவளையும் அழைத்துக்கொண்டு போய் ரேகை கொடுத்தோம். அவளுடையது ஒரே தடவையில் அழகாக விழுந்தது. விரலைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் உங்களால்தான்" என்றாள். அந்தச் சொல் எனக்குப் புதிது அல்ல. அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

6

ஊர் மாறியிருந்தது. புதுத் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் நேராக வந்து நிற்கின்றன. உப்புக் குவியல்கள் மட்டும் அப்படியே இருந்தன. பஸ்ஸில் ஏறும்போது பழக்கதோஷத்தில் கண்டக்டருக்குத் தலை வணங்கிவிட்டேன்.

"என்ன அண்ணாச்சி, பஸ்ஸையா கும்பிடுதீய? ஓடும், பயப்படாதீய" என்றார். செந்செய் என்ன என்று கேட்டார். வரவேற்கிறார் என்றேன்.

முதலில் ஒரு பழைய தண்டலைப் பார்த்தோம். தண்டல் என்றால் வள்ளத்தை நடத்துகிறவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஜப்பானில் பொம்பளை மூழ்க, புருஷன் கயிறு பிடிப்பான் என்று நான் சொன்னதும் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நல்ல ஊருதாம்லே! எங்க ஊரு ஆம்பளைட்ட அந்த வேலையக் குடுத்தா, பொஞ்சாதிய கீழ எறக்கிவிட்டுட்டு ஒரு பீடி பத்த வச்சிருவான். பீடி முடியட்டும்னு பாத்துக்கிட்டு இருப்பான்."

செந்செய் சிரித்துச் சிரித்து எழுதிக்கொண்டார். பிறகு, கயிறு இருந்தும் இறந்தவர் உண்டா என்று கேட்டார்.

"உண்டுமே. ஒத்தச்சிப்பி சூசை. இவன் மச்சாந்தான். இவன் நல்ல பய, இவன்மேல குத்தமில்ல. கல்லு மாதிரி நின்னு கயிறு பிடிச்சான். அவந்தான் ஒரு சிப்பிக்கு ஆசப்பட்டு விட்டுட்டான். சொல்லுலே, அம்மாவுக்கு எடுத்துச் சொல்லு."

எடுத்துச் சொன்னேன். இவன்மேல் குற்றமில்லை என்பது உட்பட, ஒரு சொல்லும் விடாமல் ஜப்பானிய மொழியில் சொன்னேன். செந்செய் பேனாவை மூடினார்.

"உங்கள் மைத்துனர் இப்படி இறந்தார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே."

"கேட்கவில்லையே" என்றேன். நான் அப்படிப் பேசுகிறவன் அல்ல.

அக்கா வீட்டுக்குப் போனபோது மதியம். அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். மகளை வேம்பாரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறாள். பதினேழு வருடத்துக்குப் பிறகு என்னைப் பார்த்தவள், "தலமுடி எங்கலே?" என்றுதான் கேட்டாள். செந்செய்யின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். செந்செய் டேப் ரெக்கார்டரை இயக்கிவிட்டு, நிதானமாக, நீளமாக ஒரு கேள்வி கேட்டார்.

"கயிறு பிடித்திருக்கும்போது, கீழே இருப்பவரோ மேலே இருப்பவரோ, அங்கே இருக்கவே முடியாத ஒருவரைக் கடலில் பார்த்ததாக யாராவது சொன்னதுண்டா?"

நான் தமிழில் சொன்னேன்: "கடல்ல சுறா பயம் உண்டுமான்னு கேக்காவ."

அக்கா மிஷினிலிருந்து கையை எடுத்தாள். "இம்புட்டு நேரம் வாயசைச்சது சுறாவுக்கா? ஏலே, கேட்டத கேட்டபடி சொல்லு."

கேட்டபடி சொன்னேன். அக்கா ஊசி நூலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இத யாருட்டயும் சொன்னதில்ல. ஒன் முன்னால சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். இவ கேட்டுட்டா. அவிய சாகதுக்கு முந்தி மூணு நாளா ஒரே பேச்சு. சாப்பிட ஒக்காந்தா அதத்தான் சொல்லுவாவ. 'ஏளா, ஒந்தம்பி மேலயும் நிக்கான், கீழயும் நிக்கான்'னு. கீழ எறங்குனா, கொஞ்சம் தள்ளி, தண்ணி கறுத்துக் கெடக்க எடத்துல நீ நிக்கியாம். வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு. சிரிச்சுக்கிட்டே ஒரு சிப்பிய நீட்டுதியாம்."

செந்செய் என் முகத்தைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

"வெளையாடுதாவன்னு நெனச்சேன். அன்னைக்குக் காலம்பர வாசல்ல நின்னு, 'இன்னைக்கும் நீட்டுனாம்னா என்னளா செய்ய?'ன்னு கேட்டாவ. நான் மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தேன். 'எந்தம்பிதான, குடுத்தா வாங்கிக்கிட்டு வாங்க'ன்னு சொன்னேன். அம்புட்டுதான் நான் சொன்னது."

பிறகு அக்கா சொன்னாள்: "ஆசப்பட்டு எடுத்தாவன்னு ஊரு சொல்லும்போதெல்லாம் நான் பேசாமதான் இருந்தேன். நான் சொல்லித்தான் வாங்குனாவன்னு எவனுக்கும் தெரியாதுல்லா."

இந்த இடத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கோபே திரும்பிய பிறகு டேப்பைக் கேட்டு எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு. அக்கா பேசி முடித்ததற்கும் நான் பேசத் தொடங்கியதற்கும் நடுவே டேப்பில் ஓர் ஆண் குரல் மெதுவாக எண்ணுகிறது. ஒண்ணு, ரெண்டு என்று நூற்றிருபது வரை. என் குரல்தான். நான் எண்ணியதாக எனக்கு நினைவில்லை. செந்செய்யைக் கேட்டேன், அன்று அந்த அறையில் யாரும் பேசவில்லை, எல்லாரும் சும்மா இருந்தோம் என்றார். அக்காவுக்கு எழுதிக் கேட்டேன். அவளும் அதையே எழுதினாள்.

எண்ணிக்கை நின்றதும் டேப்பில் நான் பேசுகிறேன். மேலே எழுதியதையெல்லாம் அக்காவிடம் சொல்கிறேன். மறுபக்கம் ஏறிய ஆள், சிரிப்பு, தளரவிட்ட கயிறு, காய்ந்திருந்த மரம். அக்கா அழவில்லை. ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்டாள்.

"மேல வந்தவரு இருமுனாவளா?"

"இல்ல."

"சிரிக்க மட்டும் செஞ்சாவளா?"

"ஆமாக்கா."

"அவிய தண்ணிக்குள்ள இருந்து வந்தா தலைய வெளிய நீட்டுனதுமே இருமுவாவ. ஒரு நாளும் இருமாம வந்ததில்ல. ஏழு வருசம் கயிறு பிடிச்சவனுக்கு அது தெரியாதாலே?"

தெரியும். அந்த இருமல் கேட்டால்தான் என் தோள்பட்டை இறங்கும். அன்று அது கேட்கவில்லை என்பதை அந்தக் கேள்விக்கு முன்னால் நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

அக்கா எழுந்து உள்ளே போய் செந்செய்க்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். எனக்கும் தந்தாள். உட்கார்ந்த பிறகு சொன்னாள்:

"நீ பாத்தது யாரு, அவிய பாத்தது யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஆனா கயித்த விட்டது நீ. அத எழுது. நம்ம ஊர்க்காரன் படிக்க பத்திரிகையில, தமிழ்ல எழுது. பேயின்னு எழுதித் தப்பிச்சிராத. நான் சொன்னதையும் சேத்து எழுது. ஒனக்கு வெக்கமா இருந்தா எனக்கும் சேத்து வெக்கப்பட்டுக்கோ."

"எழுதுதேங்க்கா."

"எழுதிட்டு வா. அதுக்கு முந்தி வராத."

7

திரும்பும் ரயில் மணியாச்சியைத் தாண்டியது. நடந்தது முழுவதையும் ஜப்பானிய மொழியில் சொல்லி முடித்திருந்தேன். செந்செய் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஸ்லைடு உருகிய அன்றே உங்களுக்குத் தெரியும். இல்லையா?"

"தெரியும்."

"நான் எழுதிக்கொண்டே இருந்தேன். நீங்கள் வரைபடங்களைச் சுருட்டிக்கொண்டே இருந்தீர்கள்."

எனக்கு ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்க ஆறேழு விதம் தெரியும். அவற்றில் மிகச் சிறியதைச் சொன்னேன்.

நான் சொன்னதை மறைத்துவிட்டுப் பழைய கட்டுரையையே அவர் கொடுத்திருக்கலாம். தண்டல் சொன்னதும் மைத்துனன் வழக்கமும் அதற்குப் போதும். அவர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, கயிறு உள்ள இடத்தில் அது இரண்டு முனையிலும் வந்தது என்று புதிதாக எழுதினார். மூத்த பேராசிரியர் ஏற்கவில்லை. ஒரே குடும்பத்தின் சாட்சி, மொழிபெயர்த்தவனே சாட்சி, இது ஆராய்ச்சி ஆகாது என்றாராம். அவர் சொன்னதும் நியாயம்தான். நிரந்தர இடம் வேறொருவருக்குப் போனது. செந்செய்க்கு ஒரு வருடம் மட்டும் நீட்டித்தார்கள். அதற்கப்புறம் இன்னொரு வருடம். இப்போதும் அப்படியே.

என்னை அவர் வேலையிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. முன்புபோல் தேநீர் கொண்டுவருவதும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் மாணவர்களைப் பார்த்துப் பேசுகிறார். சிப்பியை நீட்டும் பெண்ணின் கதையைச் சொல்லி முடித்ததும், "இது கயிறு இல்லாதவர்களுக்கு மட்டும் நடப்பது என்று முன்பு நான் நினைத்தேன். அது தவறு" என்பார். எப்படித் தவறு என்று சொல்ல மாட்டார். அதைச் சொல்ல வேண்டியவன் அறையின் பின்னால் நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியும்.

போன வாரம் மாரி நான் எழுதிக்கொண்டிருந்த தாள்களைப் பார்த்துவிட்டு, "இது என்ன, இவ்வளவு நீளமாக?" என்று கேட்டாள்.

"நான் செய்த ஒரு தப்பு" என்றேன்.

"எத்தனை பக்கம்?"

"ஒரு பக்கம்தான். அங்கே போய்ச் சேரத்தான் இத்தனை பக்கம்."

அவள் சிரிக்கவில்லை. தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

பேயைப் பற்றி எழுதித் தப்பிக்காதே என்று அக்கா சொன்னாள். திரும்பிப் படித்தால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். அதனால் எழுத வேண்டியதைத் தனியாக எழுதிவிடுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் மற்றதை மறந்தாலும் இதை மட்டும் தண்டலுக்கும், பெண் பார்க்க வந்தவர்களுக்கும், கோயிலில் பின் பெஞ்சில் இருப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சூசை கயிற்றை விடவில்லை. பை நிறைந்ததும் அதன் வாயைக் கட்டி, செய்ய வேண்டியபடி கயிற்றைச் சுண்டியிருப்பார். ஒரு தடவை அல்ல, மூச்சு இருந்த மட்டும் சுண்டியிருப்பார். அது என் கைக்கு வரவில்லை. வராதபடி கயிற்றைத் தளரவிட்டவன் நான், அவருடைய மைத்துனன் சேவியர். அவர் கையிலிருந்த சிப்பியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கயிற்றைப் பற்றித் தெரியும்.